பூட்டு வேறு, உரிமை வேறு: டிஆர்எம் பற்றிப் புதியவர்களுக்கு

“வீட்டில் ஆண்ட்ராய்டு பெட்டி வைத்திருந்தால் 20 ஆண்டு சிறையாம்.” “தேவாரம் பாடிக் காணொளி போட்டால்கூடக் காப்பிரைட் வழக்கு வருமாம்.” “காசு கொடுத்து வாங்கிய மின்னூல்; அதை நான் என்ன செய்தால் யாருக்கு என்ன?” பினாங்கு லெபோ பாசாரில் ஒரு தேநீர்க் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழும். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இன்னும் வேகமாகப் பரவும். மூன்றும் அரைகுறை உண்மைகள். இவற்றை நம்பிப் பயப்பட வேண்டாதவர் பயப்படுகிறார். கேள்வி கேட்க வேண்டியவர் கேட்காமல் விட்டுவிடுகிறார்.

குழப்பத்துக்குக் காரணம், வெவ்வேறான நான்கு விஷயங்களைக் ‘காப்பிரைட்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான். படைப்பாளியின் உரிமை ஒன்று. கோப்பின்மேல் நிறுவனம் போடும் பூட்டு ஒன்று; இதைத்தான் டிஆர்எம் என்கிறார்கள். அந்தப் பூட்டில் கை வைக்காதே என்கிற சட்டம் ஒன்று. இணையத்தில் காவல் நிற்கும் இயந்திரம் இன்னொன்று. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பிரைட் எனப்படும் பதிப்புரிமைக்கு நான் எதிரானவன் அல்லன். நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் சொந்தக் காசில் நூல் அச்சிட்டு, வெளியீட்டு விழா நடத்தி, விற்காத படிகளை வீட்டில் அடுக்கி வைத்திருப்பார். அதே நேரத்தில் அந்த நூல் பிடிஎஃப் வடிவில் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவருக்கு நேர்வது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டியே வாசகரின் உரிமைகளையும் பறித்துக்கொண்டால், அதுவும் அநியாயம்தான்.

## பதிப்புரிமை: எல்லை உள்ள உரிமை

ஒரு படைப்பை யார் நகலெடுக்கலாம், யார் வெளியிடலாம், யார் மேடையேற்றலாம் என்று முடிவு செய்யும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் படைப்பாளிக்குச் சட்டம் தருகிறது. அதுதான் பதிப்புரிமை. மலேசியாவில் இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்.

இந்த உரிமைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது காலம். எழுத்துப் படைப்புக்கு மலேசியாவில் படைப்பாளியின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். இந்தியாவில் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள், அமெரிக்காவில் 70. அந்தக் காலம் முடிந்தால் படைப்பு பொதுச் சொத்தாகிவிடும். பாரதியார் 1921இல் மறைந்தார். இங்கேயும் சரி, இந்தியாவிலும் சரி, அவருடைய கவிதைகளை யாரும் அச்சிடலாம், பாடலாம்.

இரண்டாவது எல்லை, நியாயமான பயன்பாடு. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், மதிப்புரை, செய்தி வெளியீடு ஆகியவற்றுக்காகப் படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த நம் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. இதற்கு உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதை ஏதோ சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; பதிப்புரிமை எங்கே முடிகிறது என்பதைச் சட்டமே வரைந்து காட்டியிருக்கிறது.

அச்சு நூலில் இன்னொன்றும் நமக்குப் பழகிப்போயிருக்கிறது. வாங்கிய படியை நண்பருக்குக் கொடுக்கலாம், நூலகத்துக்கு அளிக்கலாம், சௌரஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைக்காரரிடம் விற்றுவிடலாம். அங்கே யாரும் வந்து தடுப்பதில்லை.

## பூட்டு எப்படி வேலை செய்கிறது

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் நகை வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். நகை உங்களுடையது. ஆனால் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று உங்களிடம் இருக்கும், மற்றது வங்கியிடம். அதிகாரி வந்து தன் சாவியைப் போடாமல் உங்கள் சாவி மட்டும் எதையும் திறக்காது. வங்கி மூடியிருக்கும் நாளில் உங்கள் நகை உங்களுக்கே கிடைக்காது.

டிஆர்எம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலக்கவியல் உரிமை மேலாண்மை இதே ஏற்பாடுதான். வேறுபாடு ஒன்று உண்டு: பெட்டகம் உங்கள் வீட்டிலேயே, உங்கள் திறன்பேசியிலேயே இருக்கிறது, வங்கியின் சாவி மட்டும் வேறு நாட்டில் இருக்கிறது.

நடப்பது இதுதான். மின்னூலையோ திரைப்படத்தையோ விற்கும் நிறுவனம் அந்தக் கோப்பைக் குறியாக்கம் செய்துவிடுகிறது. குறியாக்கம் என்பது, உரிய சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைக் கணித முறையில் உருமாற்றுவது. நீங்கள் கோப்பைத் திறக்கும்போது, செயலி இணையத்தின்வழி நிறுவனத்தின் சேவையகத்தைக் கேட்கிறது: இவர் பணம் கட்டியவரா, இது பதிவு செய்த கருவியா, இவர் இருக்கும் நாட்டில் இதைக் காட்டலாமா? விடை சாதகமாக இருந்தால் சாவி வருகிறது. அந்தச் சாவியைச் செயலி உங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் திரையில் காட்டுகிறது. சில சேவைகள் ஒவ்வொரு முறையும் கேட்கும். சில, ஒருமுறை வாங்கிய சாவியைச் சில காலம் வைத்துக்கொள்ளும்.

இதில் ஓர் அடிப்படை முரண்பாடு இருக்கிறது. இணைய வங்கியிலும் புலனத்திலும் குறியாக்கம் இருக்கிறது. அங்கே நீங்களும் வங்கியும் ஒரு பக்கம், ஒட்டுக்கேட்பவன் மறுபக்கம். டிஆர்எம்மில் அப்படியல்ல. பொருளைப் பெறுபவரும் நீங்கள், யாரிடமிருந்து சாவி மறைக்கப்படுகிறதோ அவரும் நீங்கள். உங்கள் கருவிக்குள் எப்படியும் சாவி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் படம் ஓடாது. வந்த சாவியைத் திறமையான ஒருவர் என்றாவது கண்டுபிடித்துவிடுவார். டிவிடி வட்டுகளின் பூட்டு 1999இல் இப்படித்தான் திறந்துகொண்டது. அதில் தொடர்புடைய நார்வே நாட்டு இளைஞர்மேல் வழக்குப் போட்டார்கள். தாம் வாங்கிய வட்டைத் தாம் பார்த்தது குற்றமல்ல என்று 2003இல் அவர் விடுதலை செய்யப்பட்டார்.

திருட்டு டிவிடி விற்றவர்களை அந்தப் பூட்டு நிறுத்தவில்லை. கோலாலம்பூர் பெட்டாலிங் வீதியில் அந்தக் காலத்தில் நடந்தவர்களுக்கு இது தெரியும். அது நிறுத்தியது யாரை? உலகத்தை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து டிவிடி விற்றார்கள். மலேசியா 3ஆம் வட்டாரம், இந்தியா 5ஆம் வட்டாரம், பிரிட்டன் 2ஆம் வட்டாரம். லண்டனில் நியாயமான விலை கொடுத்து வாங்கிய, வட்டாரப் பூட்டு போட்ட வட்டு பினாங்கில் வாங்கிய கருவியில் ஓடாது. இங்கே யாரும் எதையும் திருடவில்லை. சந்தையைப் பங்கு போட்டு விற்கும் வணிக ஏற்பாட்டை அந்தப் பூட்டு காத்தது, அவ்வளவே.

இரண்டாம் சாவிக்காரர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் நிகழ்ந்த சான்றுகள் உண்டு. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாடிக்கையாளர்களின் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. அவற்றை அமேசான்வழி விற்ற வெளியாருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாடத்துக்காகப் படித்துக் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவரின் குறிப்புகள், எந்தப் பக்கத்தைப் பற்றியவை என்று தெரியாமல் அநாதையாக நின்றன. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடியது. விற்ற நூல்கள் அனைத்தும் படிக்க முடியாமல் போயின. அங்கேயும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பணம் திரும்பியதால் தீங்கில்லை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. என் அலமாரியிலிருக்கும் நூலைக் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு காசை மேசைமேல் வைத்துவிட்டுப் போக அவருக்கு யார் உரிமை தந்தது?

அதே 2009இல், கிண்டில் கருவி நூலை உரக்கப் படித்துக் காட்டும் வசதியோடு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. பதிப்பகம் விரும்பினால் அந்த வசதியை அணைத்துவிடலாம் என்று நிறுவனம் இறங்கி வந்தது. கண் தெரியாத ஒருவர் காசு கொடுத்து நூலை வாங்குகிறார். நூலும் கருவியில் இருக்கிறது, படிக்கும் குரலும் கருவியில் இருக்கிறது. இரண்டையும் சேரவிடாமல் ஒரு பூட்டு. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தில் மலேசியா 2022இல் சேர்ந்தது. இத்தகைய பூட்டுகளைப் பார்த்தால் அந்த ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

இதுவரை பார்த்தது: பதிப்புரிமைக்குக் காலமும் உண்டு, விலக்கும் உண்டு. பூட்டுக்கு இரண்டும் இல்லை. பாரதியார் கவிதைகளை மின்னூலாக்கி ஒருவர் பூட்டுப் போட்டு விற்றால், உரிமை முடிந்துபோன படைப்பின்மேலும் அந்தப் பூட்டு அப்படியே தொங்கும்.

## பூட்டுக்குக் காவலாக ஒரு சட்டம்

பூட்டு தானாக நிற்காது என்பதால் அதற்குச் சட்டத்தின் துணை தேடினார்கள். 1996இல் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பதிப்புரிமை ஒப்பந்தம் உருவானது. அதை ஒட்டி அமெரிக்கா 1998இல் டிஎம்சிஏ என்ற சட்டத்தை இயற்றியது. அதன் 1201ஆம் பிரிவின்படி, பூட்டைத் தாண்டுவதே தனிக் குற்றம்; தாண்ட உதவும் கருவியைத் தருவதும் குற்றம். படைப்பை நகலெடுத்து விற்றாயா என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது.

விளைவு வேகமாகத் தெரிந்தது. 2001 ஜூலையில் திமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய நிரலாளர் லாஸ் வேகாஸில் ஒரு மாநாட்டில் உரையாற்றிவிட்டுக் கிளம்பும்போது கைது செய்யப்பட்டார். மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருளை அவருடைய நிறுவனம் ரஷ்யாவில் எழுதியிருந்தது. அங்கே அது சட்டப்படி தவறில்லை. அடுத்த ஆண்டு நடுவர் குழு அந்த நிறுவனத்தைக் குற்றமற்றது என்று விடுவித்தது. அதற்குள் அந்த இளைஞர் சிறையையும் அந்நிய நாட்டில் அலைச்சலையும் அனுபவித்துவிட்டார். 2002 இறுதியில் லெக்ஸ்மார்க் நிறுவனம் இதே சட்டத்தைக் காட்டி, தன் அச்சுப்பொறிக்குப் பொருந்தும் மாற்று மைக்குப்பிக்கான சில்லைச் செய்தவர்மேல் வழக்குத் தொடுத்தது. மைக்குப்பிக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லெக்ஸ்மார்க் பெற்றிருந்த தடையாணையை நீக்கியது. ஆனாலும் வழி காட்டியாகிவிட்டது. பொருளுக்குள் ஒரு சில்லும் சில வரி நிரலும் இருந்தால் போதும், பழுது பார்ப்பதைக்கூடப் பதிப்புரிமைப் பிரச்சினையாக்கலாம்.

மலேசியாவில் இந்தக் காவல் 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தின் 36ஏ பிரிவாக வந்தது. பூட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘தொழில்நுட்பப் பாதுகாப்பு நடவடிக்கை’. மென்பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கச் செய்தல், பாதுகாப்புக் குறைகளைச் சோதித்தல், சட்ட அமலாக்கம் போன்ற சில காரணங்களுக்கு விலக்கு இருக்கிறது. சொந்தப் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை, விமர்சனமும் இல்லை, கருவி பழுதானால் வேறு கருவிக்கு மாற்றிக்கொள்வதும் இல்லை. உரிமையாளர் அனுமதிக்காத, சட்டமும் அனுமதிக்காத செயல்களைத் தடுக்கும் பூட்டைப் பற்றியே அந்தப் பிரிவு பேசுகிறது என்பதால், நியாயமான பயன்பாட்டுக்காக வாதாட இடமுண்டு. வழக்கறிஞர் வைத்து வாதாடலாம். ஒரு மின்னூலுக்காகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அதைச் செய்வாரா?

என் முதன்மையான குறை இதுதான். 13ஆம் பிரிவில் ஒரு கையால் கொடுத்ததை, 36ஏ பிரிவு மறுகையால் பிடித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவிலாவது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களின் கோரிக்கைகளைக் கேட்டுப் புதிய விலக்குகள் வழங்குகிறார்கள். அப்படித்தான் தம் டிராக்டரைத் தாமே பழுது பார்க்கும் விவசாயிகளுக்கு 2015இல் வழி கிடைத்தது.

## அந்த 20 ஆண்டு சிறை யாருக்கு?

பதிப்புரிமைச் சட்டத்தில் 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 43ஏஏ பிரிவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பதிப்புரிமையை மீறும் ‘ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்தை’ (உரிமம் இல்லாத சேனல்களை இணையம்வழி தொலைக்காட்சியில் காட்டும் ஆண்ட்ராய்டு பெட்டி போன்றவற்றை) விற்பனைக்காகத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர், விநியோகிப்பவர், சேவையாக வழங்குபவர் ஆகியோரைக் குறித்த பிரிவு அது. 10,000 ரிங்கிட் முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் உட்கார்ந்து தொடர் பார்க்கும் பாட்டியை அது குறிவைக்கவில்லை. அதற்காக உரிமம் இல்லாத சேனல்களைப் பார்ப்பது சரி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் நம் கலைஞர்களுக்குப் போய்ச் சேராது.

ஆனால் தண்டனையின் அளவைப் பாருங்கள். தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவில் திருட்டுக்கு உச்ச சிறைத் தண்டனை 7 ஆண்டு. பெட்டி விற்றவருக்கு 20 வரை போகலாம். பொருளையே தூக்கிக்கொண்டு போனவனைவிட, ஒளிபரப்பைத் திருப்பிவிட்டவர் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடியவர் என்று சட்டம் கருதுகிறதா?

## தேவாரத்தைத் தடுக்கும் இயந்திரம்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் காவடி ஆட்டத்தைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினேன். பின்னணியில் ஏதோ தண்ணீர்ப் பந்தலின் ஒலிபெருக்கியில் பக்திப்பாடல் ஓடிக்கொண்டிருந்தது. காணொளி ஒலியிழந்து நின்றது. பலருக்கும் நேர்ந்திருக்கும் அனுபவம் இது. உடனே ‘வழக்கு வருமோ’ என்ற பயம் வரும். வராது. ஏனென்றால் அங்கே சட்டம் எதுவும் இன்னும் உள்ளே வரவில்லை.

காணொளியை நிறுத்தியது, ஒலியைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கணினி அமைப்பு. யூடியூப் 2007இல் தொடங்கிய கண்டென்ட் ஐடி இத்தகைய அமைப்புகளில் பெயர்பெற்றது. இசை நிறுவனங்கள் தங்கள் ஒலிப்பதிவுகளைக் கொடுத்து வைக்கின்றன. ஒவ்வொன்றின் ஒலி அமைப்பிலிருந்தும் ஒரு சுருக்க அடையாளம் கணக்கிடப்படுகிறது. இதைக் கைரேகை என்கிறார்கள். யார் எந்தக் காணொளியை ஏற்றினாலும் அதன் ஒலி இந்தக் கைரேகைகளோடு ஒப்பிடப்படும். பொருந்தினால், முன்கூட்டியே உரிமையாளர் சொல்லி வைத்தபடி தடுக்கலாம், விளம்பர வருமானத்தை அவருக்குத் திருப்பிவிடலாம், வெறுமனே கணக்கெடுக்கலாம்.

ஒலி ஒத்திருக்கிறதா என்பது மட்டுமே இயந்திரத்துக்குத் தெரியும். இது விமர்சனமா, செய்தியா, திருவிழாவில் தற்செயலாகக் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. தேவாரம் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். பாட்டுக்கு உரிமை யாரிடமும் இல்லை. ஆனால் அதைப் பாடி ஒருவர் வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அதே பண்ணில், அதே தாளத்தில் நம் வகுப்புப் பிள்ளை பாடும்போது, இயந்திரம் அந்தப் பதிவோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

இது நடந்தால் மறுப்புத் தெரிவியுங்கள். யூடியூபில் உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கோரிக்கை தானாக விலகிவிடும். சட்டப்படியான அறிவிப்பு என்பது வேறு. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 43எச் பிரிவின்படி, உரிமையாளரின் அறிவிப்பு வந்த 48 மணி நேரத்துக்குள் சேவை வழங்குநர் அந்தக் கோப்பை நீக்க வேண்டும். ஏற்றியவர் எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். கொடுத்தபின் உரிமையாளர் நீதிமன்றம் போகாவிட்டால் 10 வேலை நாளில் அது திரும்பி வர வேண்டும். நீக்க 48 மணி நேரம், மீட்க 10 வேலை நாள். தைப்பூசக் காணொளியைத் தைப்பூசம் முடிந்து யார் பார்ப்பார்கள்?

சுருக்கமாக: இயந்திரம் தடுப்பது நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. அறிவிப்பு வந்தால் அது சட்டம். இரண்டுக்கும் பதில் சொல்லும் வழி உங்களுக்கு உண்டு.

## வலையை அகல விரிக்கும் சட்டங்கள்

பதிப்புரிமைக்கு வெளியேயும் இதே போக்கு இருக்கிறது. 2012இல் சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதன்வழி வெளியானதை அவரே வெளியிட்டதாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு அவருடையது. வாடிக்கையாளருக்கு வைஃபை தரும் உணவகக்காரர் இதில் எங்கே நிற்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி பல மலேசிய இணையத்தளங்கள் எதிர்ப்பாகத் தம் பக்கங்களை இருட்டாக்கின. பிரிவு நீக்கப்படவில்லை.

2024 செப்டம்பரில் இன்னொன்று. இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளையும் உள்நாட்டு நிறுவனங்கள் தம் சேவையகத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் பணித்தது. தீய தளங்களிலிருந்து மக்களைக் காப்பது நோக்கம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, சில நாளிலேயே தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். மக்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு பேசியதால் கிடைத்த பலன் அது.

## வாங்கும்போதும் விற்கும்போதும்

மின்னூல் வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: கோப்பை என் கணினிக்கு இறக்கி, வேறு செயலியில் திறக்க முடியுமா? முடியாது என்றால் நீங்கள் பெறுவது நூலன்று, படிக்கும் அனுமதி. கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது.

நூல் வெளியிடும் நம் எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டில்லாமல் விற்றால் பிழைக்க முடியாது என்பதில்லை. ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையில் விற்ற பாடல்களின் பூட்டை 2009இல் எடுத்தது. டோர் என்ற ஆங்கிலப் பதிப்பகம் 2012இல் மின்னூல் பூட்டைக் கைவிட்டது. வாங்கியவரின் பெயரை ஒவ்வொரு படியிலும் பொறித்துத் தரும் முறை இருக்கிறது. அது படிப்பவரைத் தடுக்காது. புலனத்தில் பரப்ப நினைப்பவரை மட்டும் ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

36ஏ பிரிவின் விலக்குப் பட்டியலில் சொந்தப் படிப்பு, விமர்சனம், பழுது பார்த்தல், பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்பு ஆகிய நான்கையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். கடையை மூடும் நிறுவனம் தன் சாவியை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் விதி வேண்டும். சட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது இதை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடமும் உள்நாட்டு வாணிப அமைச்சிடமும் எழுத்தாகக் கேட்க வேண்டியவர்கள் நம் எழுத்தாளர் சங்கங்கள், பள்ளி நூலகங்கள், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள். அந்தக் கோரிக்கை மனுவில் ஆசிரியர்களும் வாசகர்களும் பழுது பார்ப்பவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை நாள், இடம், கருவி குறிப்பிட்டு எழுதிச் சேர்க்கலாம்.